ரைட்டரம்மாவின் மூன்று புதன்கிழமைகள்

முதல் புதன்கிழமை வேதமணி சுட்ட ஆறு குண்டுகளில் நான்கு, பலகைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் போய்ப் புதைந்தன. ஒன்று பக்கத்துப் பலகையில் பட்டது. ஆறாவது எங்கே போயிற்று என்று கடைசிவரை தெரியவில்லை. பதினைந்து மீட்டர் தூரத்தில் ஓர் ஆள் மார்பளவுக்கு நிற்கிற மாதிரி வரைந்திருந்த அட்டை, ஒரு கீறல்கூடப் படாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

பயிற்சி கொடுத்த மோகன்ராஜ் ஆயுதப்படையில் ஏட்டு. வேதமணியும் ஏட்டுதான். ஆனால் சர்வீஸில் பத்து வருஷம் மூத்தவள். அதனால் மற்றவர்களைத் திட்டுகிற மாதிரி அவளைத் திட்ட அவனுக்கு வாய் வரவில்லை. வந்த திட்டு பல்லுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று, மரியாதை உடுத்திக்கொண்டு வெளியே வந்தது.

"மேடம், குண்டு போறதுக்கு முன்னாடி நீங்க போயிடுறீங்க."

கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன் என்று அவள் சொன்னாள். அவன் வாதாடவில்லை. ரிவால்வரை வாங்கித் திரும்பி நின்றுகொண்டு எதையோ போட்டு அடைத்து, மறுபடி அவள் கையில் கொடுத்தான். சுடச் சொன்னான். முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதுக்கு அவள் விசையை இழுத்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடி இல்லை, உதைப்பு இல்லை. ஆனால் ரிவால்வரின் மூக்கு மட்டும் தானாகக் கீழே குனிந்து, யாரோ பிடரியில் தட்டியதுபோல் தரையைப் பார்த்தது. ஏற்கெனவே சுட்டு முடித்த காலிக் கூடு ஒன்றை நடுவில் சொருகியிருந்தான். பின்னால் வரிசையில் நின்ற பெண் காவலர்களில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

ரிவால்வர் பார்க்கத்தான் சின்னது. விசை அரிசி மூட்டையை இழுக்கிற மாதிரி கனத்தது. இழுக்க இழுக்க உருளை சுழன்று, சுத்தி பின்னால் ஏறி, எப்போது விழும் என்று தெரியாமல் உயிரை வாங்கியது. அந்த 'எப்போது' தாங்காமல்தான் அவள் தோள் முந்திக்கொண்டது.

விஷயம் இதுதான். தாம்பரம் பக்கம் ஒரு பெண் நீதிபதிக்குப் பாதுகாப்புக் காவலர் வேண்டியிருந்தது. பெண் காவலராக இருக்க வேண்டும், இடுப்பில் ரிவால்வர் இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் போனால் மாலை ஆறு மணிக்கு வீடு. கோர்ட்டுக்கு விடுமுறை என்றால் பெரும்பாலும் இவளுக்கும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கும். மேலே போன பட்டியலில் இரண்டு பெயர். சீனியாரிட்டிப்படி வேதமணி முதலில், அதே ஸ்டேஷனின் இளம் காவலர் சத்யபிரியா அடுத்து. ஒரே நிபந்தனை, சுடும் தேர்வில் தேற வேண்டும். பதினெட்டுத் தோட்டாவில் பதினான்கு அட்டைக்குள் பட வேண்டும். மூன்று புதன்கிழமை, மூன்று வாய்ப்பு. இவள் தேறினால் இவளுக்கு. இல்லையென்றால், ஏற்கெனவே தேறிவிட்ட சத்யபிரியாவுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் நாற்பத்துநான்கு வயதில் அவள் ரிவால்வரைத் தூக்கினாள். கணவன் அசரியா ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். வார விடுமுறை ஞாயிறு. மகள் ப்ளெஸ்ஸி கேளம்பாக்கம் பக்கம் நர்சிங் படித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலிலிருந்து படப்பை வீட்டுக்கு வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவாள். வேதமணிக்கு வார ஓய்வு செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி ஸ்டேஷன் பந்தோபஸ்துக்குப் போய்விடும் என்பதால் ஸ்டேஷன் பதிவேடுகளை எழுதுகிற அவளுடைய ரைட்டர் மேஜை காலியாக இருக்கக்கூடாது என்று அடுத்தடுத்து வந்த ஐந்து இன்ஸ்பெக்டர்களும் சொன்னார்கள். ஞாயிறு இரவு அவள் வீட்டுக்குள் நுழையும்போது மகள் போய்விட்டிருப்பாள். கொடியில் ஈர ஜீன்ஸ் தொங்கும். குளியலறையில் ஷாம்பு வாசனை மிச்சமிருக்கும். குழம்புச் சட்டியில் அப்பாவும் மகளும் நல்ல துண்டங்களாகப் பார்த்து ஒதுக்கி வைத்த கறி இருக்கும். அதைச் சூடு பண்ணி நின்றபடியே சாப்பிடுவாள். செவ்வாய்க்கிழமை முழுக்க வாஷிங் மெஷினோடு தனியாக இருப்பாள்.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் பதினான்கு வருஷம் ரைட்டர் மேஜையில் போயிற்று. துப்பாக்கி அவளுக்குப் புதிதல்ல. தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாம் ஆயுதத்தைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ரியல் எஸ்டேட்காரர்கள் ரிவால்வரை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அவள் உருளையைத் திறந்து பார்த்து, எண்ணைக் குறித்து, சீட்டு கட்டி, கையெழுத்து வாங்கி உள்ளே வைப்பாள். அப்படி நூற்றுக்கும் மேல் அவள் கையில் ஏறி இறங்கியிருக்கின்றன. ஒன்றைக்கூடச் சுட்டதில்லை. வருஷாந்திரப் பயிற்சிக்குத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனாலும் தகரக் கொட்டகையின் கீழ் மேஜை போட்டு உட்காருவது அவள்தான். யாருக்கு எத்தனை தோட்டா, திரும்பி வந்த காலிக் கூடு எத்தனை என்று எழுதிக்கொண்டே இருப்பாள். அவள் பங்குத் தோட்டாவை யாராவது ஆசைப்பட்டவர்கள் சுட்டுக்கொள்வார்கள்.

ரிவால்வரை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் முதல் வாரம் ஜன்னல் கண்ணாடி துடைக்கிற நீல பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்கும் விசை உண்டு, இழுக்க வேண்டும். சுவரிலிருந்த காலண்டரைக் குறிவைத்து, கண்ணைச் சிமிட்டாமல், மெதுவாக இழுத்து இழுத்துப் பழகினாள். இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்து தூங்கி எழுந்த அசரியா, காலண்டரிலிருந்து நீல நீர் வழிவதைப் பார்த்தான். டீ குடித்து முடித்த பிறகுதான், இருபதாம் தேதியைக் கொல்லப் பார்க்கிறாயா, அன்றைக்குத்தான் எனக்குச் சம்பளம் போடுகிறார்கள் என்றான்.

"சிரிக்காதீங்க. அந்தப் பொண்ணுங்க சிரிக்கிறதே போதும்."

"நான் எங்க சிரிச்சேன். நீ தோளைத் தூக்குற, அதைச் சொல்ல வந்தேன்."

அவன் எழுந்துவந்து அவள் தோள்மேல் ஒரு ஸ்டீல் டம்ளரை வைத்தான். இழுக்கும்போது அது விழக்கூடாது என்றான். கம்பெனியில் மெஷின் அதிர்வைப் பார்க்க இப்படித்தான் ஏதாவது வைப்பார்களாம். முதல் நாள் டம்ளர் பத்துத் தடவை விழுந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் என்ன சண்டை என்று மேலே வந்து எட்டிப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை அது விழவே இல்லை.

இரண்டாம் புதன்கிழமை முதல் ஆறு தோட்டாவில் நான்கு அட்டைக்குள் பட்டன. மோகன்ராஜ் அட்டையருகே போய்ப் பார்த்துவிட்டு, இரண்டு புருவத்தையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். பரவாயில்லை மேடம் என்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. அடுத்த பகுதிதான் கஷ்டம். விசில் ஊதியதும் ஆறு சுட வேண்டும், காலிக் கூடுகளைத் தள்ளிவிட்டு வேறு ஆறு போட வேண்டும், அந்த ஆறையும் சுட வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்பத்தைந்து வினாடி.

விசில் ஊதினான். ஆறும் சுட்டாள். தோள் அசையவில்லை. கட்டைவிரலால் அழுத்தி உருளையைத் திறந்தாள், தண்டைத் தள்ளினாள். ஆறு பித்தளைக் கூடுகளும் சூடாக வந்து அவள் இடது உள்ளங்கையில் விழுந்தன. அவள் ஒரு பார்வை பார்த்தாள். ஆறு இருந்தது. சட்டைப் பையில் போட்டாள். பையின் பட்டனையும் போட்டாள். அதற்குப் பிறகுதான் இடுப்பிலிருந்த புதுத் தோட்டாவைத் தேடினாள். இரண்டு சுடுவதற்குள் விசில் ஊதிவிட்டது.

மோகன்ராஜ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான்.

"இன்னா மேடம் இது? எதிர்ல ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கிறான். நீங்க பட்டன் போட்டுகினு கீறீங்க."

"ஒண்ணு காணாமப் போனா யாரு எழுதுறது?" என்று அவள் கேட்டாள். கேட்ட பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கே தெரிந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு பயிற்சி நாளில் நாற்பது தோட்டா கொடுத்து முப்பத்தொன்பது கூடு திரும்பி வந்தது. கையெழுத்து அவளுடையது. ஐந்து பேர் சீமைக்கருவேல முள்ளுக்குள் தவழ்ந்து சாயங்காலம்வரை தேடினார்கள். கிடைக்கவில்லை. சுட்டவன் மாற்றலாகிப் போய்விட்டான். அவள் ஆறு மாதம் விளக்கம் எழுதினாள். எதை எழுதினாலும் அதற்கு மேல் ஒரு கேள்வி வந்தது. அதன் பிறகு எந்தப் பயிற்சியிலும் கூடுகளைத் தரையில் விழவிடாதீர்கள், கையில் பிடித்து என்னிடம் எண்ணிக் கொடுங்கள் என்று எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தாள். இப்போது அந்த மிரட்டல் அவள் கையிலேயே ஊறிக் கிடந்தது. மோகன்ராஜிடம் இதையெல்லாம் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். தேர்வில் சிதறும் கூடுகளை எண்ணுவது தன் வேலை, தன் கையெழுத்து, மேடம் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்றான். நினைத்துச் செய்ததாக இருந்தால்தானே நினைக்காமல் இருக்க முடியும்?

திரும்பும்போது வேனில் சத்யபிரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கரணைப் பெண், இருபத்தாறு வயது, முதல் தடவையிலேயே பதினாறு அடித்தவள்.

"கீழ போட்டுட்டுப் போங்கக்கா. பொறுக்க ஆளு கீது. எனக்கு இந்த போஸ்டிங்கே வேணான்னுதான் சொன்னேன், தெரியுமா? ஜட்ஜம்மா பின்னாடியே நின்னா காலு மரத்துப்போவும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதுதான் வேதமணிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தான் உயிரைக் கொடுத்துக் கேட்கிற ஒன்றை இந்தப் பெண் கால் வலிக்காக வேண்டாம் என்கிறாள். வேதமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரம் வீட்டில் ரிமோட்டிலிருந்தும் சுவர்க் கடிகாரத்திலிருந்தும் டார்ச்சிலிருந்தும் உருவி ஆறு பேட்டரி சேர்த்தாள். இடது கையில் வைத்துக்கொண்டு தரையில் விடுவது, உடனே அதே கையால் இடுப்பைத் தொடுவது. அதுதான் பயிற்சி. சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது, ஆனால் வரவில்லை. கை விடும், கண் கூடவே கீழே போகும், முதுகு கண்ணின் பின்னாலேயே வளையும். ஆறையும் பொறுக்கி எடுத்த பிறகுதான் நிமிருவாள். மூன்றாம் நாள், அவள் பேட்டரியைத் திருப்பிப் போட மறந்து கடிகாரம் நின்றிருந்தது தெரியாமல் அசரியா கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டான். அரை நாள் சம்பளம் போயிற்று. அவன் கத்தினான். இருபது வருஷத்தில் அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. இவளும் கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு யாருக்காக என்று சம்பந்தமில்லாமல் எதையோ கேட்டாள். அவனுக்குச் சம்பந்தம் புரிந்தது. சாயங்காலம் ஒரு புது பேட்டரி வாங்கி வந்து கடிகாரத்தில் போட்டுவிட்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்தான்.

"நீ போடு. நான் பொறுக்குறேன். நீ குனிஞ்ச, அப்புறம் பாரு."

போட்டாள். பொறுக்கிக் கொடுத்தான். மறுபடி போட்டாள். குக்கர் மூன்று விசில் விடும்வரை போட்டாள். பொறுக்க ஒருவன் இருக்கிறான் என்பது மெதுவாக அவள் முதுகுக்குத் தெரியவந்தது.

மூன்றாம் புதன்கிழமை காலையிலேயே வெயில் கொளுத்தியது. தகரக் கொட்டகை தோசைக்கல்லாகக் காய்ந்தது. முதல் ஆறில் ஐந்து உள்ளே என்று மோகன்ராஜ் சொன்னபோது சத்யபிரியா கைதட்டப் போய், அவன் முறைத்ததும் கையை இறக்கிக்கொண்டாள். இனி பன்னிரண்டில் ஒன்பது போதும்.

விசில் ஊதினான்.

அவள் ஆறும் சுட்டாள். ஐந்தாவது மட்டும் விலகியது தெரிந்தது, மற்றவை நேராகப் போயின. உருளையைத் திறந்து தண்டைத் தள்ளினாள். ஆறு கூடுகளும் சரசரவென்று தரையில் கொட்டின. கண் கீழே போகவில்லை. கை நேராக இடுப்புக்குப் போயிற்று. ஐந்தும் ஐந்தும் பத்து, இன்னும் நான்குதான் வேண்டும். ஒன்று போட்டாள், இரண்டு, மூன்று, நான்கு. நேரம் இருந்தது. ஐந்தாவது தோட்டா வியர்வையில் விரலிடுக்கிலிருந்து நழுவிற்று.

அது காலிக் கூடு அல்ல. சுடாத தோட்டா. ஒரு கூடு காணாமல் போனால் ஆறு மாத விளக்கம். முழுத் தோட்டா ஒன்று தரையில் கிடந்தால்? அவள் அப்படி யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. தோட்டா மண்ணைத் தொடுவதற்குள் அவள் பாதி குனிந்துவிட்டிருந்தாள். நான்கு தோட்டா ஏற்றிய ரிவால்வர் வலது கையில் அப்படியே பக்கவாட்டில் திரும்பி, வரிசையில் நின்றவர்களின் முழங்கால்களைப் பார்த்தது.

"நிறுத்து. கையை அசைக்காத. அப்படியே நில்லு."

மோகன்ராஜின் குரலில் மேடமும் இல்லை, மரியாதையும் இல்லை. அவன் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து ரிவால்வரை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, விரல்களைப் பிரித்து வாங்கினான். நான்கு தோட்டாக்களையும் எடுத்தான். கொஞ்சம் தள்ளிப்போய் ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தான். திரும்பி வந்தபோது அவனுக்கு அவள் பழையபடி மேடம் ஆகிவிட்டிருந்தாள்.

அந்த நான்கையும் சுட்டிருந்தால் போதுமே மேடம் என்று மெதுவாகச் சொன்னான். கீழே விழுந்தது எங்கே ஓடிவிடும் என்று கேட்டான். ஏற்றிய ஆயுதத்தோடு ஆட்கள் பக்கம் திரும்பினால் அங்கேயே தேர்வை நிறுத்த வேண்டும், தன்னால் வேறு எதுவும் எழுத முடியாது என்றான். வேதமணிக்கு அது தெரியும். அப்படி எழுதிய தாள்களை அவளே கோப்பில் கட்டி வைத்திருக்கிறாள். எழுதுங்க தம்பி என்றாள். அவன் எழுதியதை வாங்கிப் படித்து, தேதி விட்டுப்போயிருந்ததைக் காட்டி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

வேனில் சத்யபிரியா இந்தத் தடவை பக்கத்தில் வரவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். வேதமணிக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ரிவால்வர் மேல், வியர்வை மேல், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முள்ளுக்குள் போன அந்தப் பித்தளை மேல். எல்லாவற்றையும்விடத் தன் முதுகு மேல். யார் என்ன போட்டாலும் குனிந்து எடுக்கிற முதுகு.

ஸ்டேஷனுக்கு வந்தபோது மணி ஒன்றரை. ரைட்டர் மேஜையில் அவளுக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த காவலர் ஒருவர் எழுந்து, ரெண்டு மனு வந்துச்சு, சி.எஸ்.ஆர் ரசீது போட்டுட்டேன், தபால் போயிடுச்சு, வேற ஒண்ணும் இல்ல மேடம் என்றார். அவள் பதிவேட்டைப் புரட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துதான் கோழி கிளறிய மாதிரி இருந்தது. போன புதன்கிழமைப் பக்கத்தைப் பார்த்தாள். அதற்கு முந்திய புதன்கிழமையையும் பார்த்தாள். அவையும் சரியாகவே இருந்தன.

அவள் உட்காரவில்லை. நேராக இன்ஸ்பெக்டர் பக்தவச்சலத்தின் அறைக்குப் போய் விறைப்பாகச் சல்யூட் அடித்தாள். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். ரேஞ்சிலிருந்து போன் வந்துவிட்டது போலிருக்கிறது. போனால் போகட்டும் ரைட்டரம்மா, உங்களை அனுப்பிட்டு நான் என்ன பண்றதுன்னு கவலையா இருந்தது என்று ஆறுதலாகச் சொன்னார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

"சார், எனக்கு ஞாயித்துக்கிழமை ஓய்வு வேணும்."

அவர் டப்பா மூடியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். பதினான்கு வருஷத்தில் அவள் எந்த இன்ஸ்பெக்டரிடமும் இதைக் கேட்டதில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும். கிடைக்காதபோது எதிரில் நிற்க வெட்கமாக இருக்கும் என்றும் தெரியும். ஆனால் மூன்று புதன்கிழமையாக இருபது பேர் முன்னால் நின்றாகிவிட்டது. இதற்கு மேல் வெட்கப்பட என்ன மிச்சம்?

ஞாயித்துக்கிழமை ரைட்டர் இல்லாம எப்படிம்மா என்று அவர் தொடங்கினார்.

"மூணு புதன்கிழமை நான் இல்ல சார். ஸ்டேஷன் ஓடிச்சு. இப்பத்தான் பதிவேடு பார்த்துட்டு வரேன். ஒரு தப்பும் இல்ல."

அவர் மூடியை மேஜையில் வைத்தார். மாநாடு, திருவிழா, ஊர்வலம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. எல்லா ஞாயிறும் முடியாது, மற்றவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள் என்றார். கடைசியில் இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் என்று இறங்கி வந்தார். அதுவும் மூன்று மாதத்துக்கு, பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம் என்றார்.

வேதமணி வெளியே போய், தானே எழுதி வைத்திருந்த அந்த மாத டூட்டிப் பட்டியலை எடுத்து வந்து, தன் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தைத் திருத்தி, அவர் முன்னால் வைத்தாள். சாப்பிட்டு முடித்துப் போடுகிறேன் என்றார். இப்பவே போட்டுடுங்க சார் என்றாள். அவர் இடது கையால் டப்பாவை நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மேஜைக்குத் திரும்பி அசரியாவுக்குப் போன் செய்தாள். கம்பெனியின் இரைச்சலுக்கு நடுவில் அவன் முதலில் கேட்டது தேறினாயா என்பதுதான். இல்லை என்றாள். பிறகு அவள் மற்றதைச் சொன்னாள். அப்ப இந்த ஞாயிறு வந்துடுவியா என்று அவன் கேட்டான்.

சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். வருகிற ஞாயிறு மாதத்தின் மூன்றாவது ஞாயிறு.

"அடுத்த ஞாயிறு," என்றாள். "இன்னும் பதினோரு நாள் இருக்கு. ப்ளெஸ்ஸிகிட்ட சொல்லி வைங்க, அன்னிக்குன்னு பார்த்து அவ ஹாஸ்டல்லயே தங்கிடப் போறா."